நாலாவது வளைவு

1. அண்ணா படிக்கட்டு கழுவிய வீட்டின் எஜமானியான சிஞ்ஞோரா, இறந்துபோன தன் கணவரின் சின்குவெசென்தோ என்ற சின்னக் காரை அண்ணாவுக்குக் கொடுத்தார். அது ஓடவில்லை.

2. அண்ணா துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டி, பழைய எஞ்சினை ஓடவைத்தார். துறைமுகம் வரை போய்த் திரும்பியது.

3. அது போதாது என்று அண்ணாவுக்குப் பட்டது. உடைந்த கார்கள் குவிந்த இடமொன்றிலிருந்து பெரிய எஞ்சின் எடுத்து வந்து ஏற்றினார். பகேரியாவுக்குப் போகும் வழியில் அது இறுகி நின்றது.

4. தங்கை நான் இத்தாலிக்கு, அண்ணா இருந்த பலேர்மோவுக்கு வந்தேன்.

5. இருவருமாக அந்த எஞ்சினை மறுபடி கட்டினோம். சத்தம் நன்றாக இருந்தது. ஊரை ஒட்டிய பெல்லெக்ரினோ மலையில் நாலாவது வளைவில் நின்றது.

6. எஞ்சின் பட்டறைக்காரர், தன்னை அந்தக் காரில் மலைக்குக் கொண்டுபோய்க் காட்டினால் எனக்கு வேலை தருவதாக அதற்கு முன்பே சொல்லியிருந்தார்.

7. கழற்றினோம், பூட்டினோம். நாலாவது வளைவில் நின்றது.

எழுதிப் பார்த்தால் ஏதோ முறையாக நடந்த வேலைபோல இருக்கிறது. நடந்தபோது அப்படி இருக்கவில்லை. தொண்ணூறுகள் முழுக்க எங்கள் வீட்டில் எதுவும் ஒரு நிலையில் இருக்கவில்லை. பல்லரோ சந்தைக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் ஒரு குடும்பம் லண்டனுக்குப் போனது, இன்னொன்று வடக்கே மிலானுக்குப் போனது, இன்னொன்று போகப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அண்ணா கார் ஓடினால் அதைக் கழற்றுவார், கழற்றிக் கிடந்தால் ஓடவேண்டும் என்று துடிப்பார். நான் அமைதியான ஆள் என்று எல்லோரும் சொல்வார்கள். முகம் அமைதியாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் காரைத் தெரியாதவர்களுக்கு: முன்னால் இரண்டு பேர் இருக்கலாம். பின்னால், முழங்காலை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிற ஒருவர் இருக்கலாம். எஞ்சின் பின்பக்கம். இரண்டே சிலிண்டர். தண்ணீர் கிடையாது, விசிறிக் காற்றில்தான் குளிரும். முன்மூடியைத் திறந்தால் பெற்றோல் தாங்கியும் ஒரு பெட்டி வைக்கும் அளவு இடமும் இருக்கும். இதைத் தாழ்த்தி, அகன்ற சில்லுகள் போட்டு, பெரிய எஞ்சின் ஏற்றி, பின்மூடியைக் காற்றுக்காக ஒரு சாண் தூக்கிவைத்து, சுவர்கள் அதிர ஓட்டுவது இந்த ஊர் இளைஞர்களின் பழக்கம். அப்படி மாற்றிக் கட்டிய காருக்கு எலபொராத்தா என்று பெயர்.

அண்ணாவுக்கு ஏன் அது வேண்டியிருந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்தது. வீட்டுக்காரர்கள் எழும்ப முன்னம் அவர் படிக்கட்டுகளைக் கழுவி முடிக்க வேண்டும். வாளி கல்லில் முட்டினால் மேலே ஒரு கதவு திறக்கும், ஒரு தலை எட்டிப் பார்க்கும். வருடக்கணக்காகச் சத்தம் போடாமல் வேலை செய்த மனிதர் அவர். அந்தக் காரின் புகைக்குழாயை அவர் தேர்ந்தெடுத்தபோது கடையில் இருந்ததிலேயே பெரிய சத்தம் எது என்றுதான் விசாரித்தார்.

கார் நின்றது எங்கள் வீட்டுக்குக் கீழேயிருந்த மகசினோவில், அதாவது தெருவோடு திறக்கும் சாமான் அறையில். அந்த அறையில் அண்ணாவின் மனைவிக்கும் பங்கு இருந்தது. நான் அவரை மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன், அவரும் என்னை அப்படியே. மழைநாளில் உடுப்புக் காயப்போடும் கொடி காரின் மேலால் போகும். கடையிலிருந்து வரும் அரிசி மூட்டையை மச்சாள் காரின் முன்மூடிக்குள் வைத்துப் பூட்டுவார். எலி வராத இடம் வீட்டில் அது ஒன்றுதான் என்பது அவருடைய வாதம்.

“உங்கட எஞ்சின் பின்னுக்குத்தானே?” என்றார் மச்சாள், அண்ணா முதல்முறை ஆட்சேபித்தபோது. “முன்னுக்கு என்ரை அரிசி இருக்கட்டும். ஆளுக்குப் பாதி.”

நான் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார்ப் பொறித்துறை படித்தவள். வகுப்பில் ஒரே பெண். பரீட்சை எழுதி முடித்து, இடம்பெயர்ந்து, கொழும்பு வந்து, அண்ணா எடுத்துத் தந்த பத்திரங்களோடு பலேர்மோ வந்தபோது எனக்குக் கிடைத்த வேலை, காரைக் கொடுத்த அதே சிஞ்ஞோராவின் வீட்டில் உள்வேலை. தூசி தட்டுவது, துணி தேய்ப்பது, சமையலுக்குக் கைகொடுப்பது. அவர் நல்ல மனுசி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது என் மனம் எங்கள் மகசினோவில் கிடந்த எஞ்சினைப் பாகம் பாகமாக எடுத்து வரிசையில் அடுக்கிக்கொண்டிருக்கும். வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். விரிப்பு முடிந்திருக்கும், நான் மடித்ததையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

இறுகிய எஞ்சினின் இரண்டு சிலிண்டர்களையும் ஒரு பழைய துவாயில் சுற்றிக்கொண்டு நானும் அண்ணாவும் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பட்டறைக்குப் போனோம். சிலிண்டர் குடைவது, தண்டு சாணை பிடிப்பது, எஞ்சின் தலையைச் சமமாகச் சீவுவது, இவைதான் அங்கே வேலை. உரிமையாளரை எல்லோரும் மாஸ்ட்ரோ என்றார்கள். பெரிய வயிறு, காதில் பென்சில். அவர் பேசுவது சிசிலியன் கலந்த இத்தாலியன், இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அவர் அண்ணாவைப் பார்த்துக் கதைத்தார். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடப்போகிறீர்கள் என்று நான் கேட்டேன். அவர் அண்ணாவைப் பார்த்தே பதில் சொன்னார். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு அது போதுமா என்று கேட்டேன். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

புது பிஸ்டன்கள் வந்த நாளில் நான் தனியே போய், உங்களிடம் வேலை இருக்கிறதா என்று கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“இங்கே வருகிற ஒவ்வொருவனும் நான் எஞ்சின் கட்டினேன் என்கிறான்,” என்றார். “ஒருவனை நம்பி ஏறினேன். மலையில் பாதியில் செத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்தோடு நடந்து இறங்கினேன். அன்றிலிருந்து ஒரே சட்டம். உன் எஞ்சின், மலையுச்சி வரை. நடுவில் நான் காரைவிட்டு இறங்க நேர்ந்தால், வேலை கிடையாது.”

“அவர்களெல்லாம் ஆண்கள்,” என்றேன்.

“மலைக்கு அது தெரியாது,” என்றார் அவர்.

அன்றிலிருந்து அந்தக் கார் அண்ணாவுடையது மட்டுமாக இருக்கவில்லை. நான் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை, அண்ணாவுக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மாஸ்ட்ரோவைக் கூட்டிப்போக முன்னம் நாங்களே போய்ப் பார்க்க வேண்டும் என்பதில் இருவரும் ஒரே முடிவு.

எஞ்சினின் அடிப்பாகத்தை அண்ணா கட்டினார், மேல்பாகத்தை நான் கட்டினேன். வேலை நேரங்கள் வேறு வேறு என்பதால் அப்படி அமைந்தது. முதல் தடவை இருக்கைகளுக்கு நடுவிலுள்ள, எஞ்சினைக் கிளப்பும் நெம்பை இழுத்ததும் பிடித்துக்கொண்டது. அண்ணா பின்மூடிக்கு முன்னால் குந்தியிருந்து கண்ணை மூடிக் கேட்டார். தெருவில் மீன் விற்றவர் கையைக் காதில் வைத்தார். சமதரையில் அருமையாக ஓடியது. பெல்லெக்ரினோ மலையின் முதல் வளைவு ஏறியது, இரண்டாவது ஏறியது, மூன்றாவதில் மூச்சு வாங்கியது, நாலாவதில் முதல் கியரிலும் முடியாமல் நின்றது. ஆளை இறக்கிவிட்டால் கொஞ்சம் ஏறும். மாஸ்ட்ரோவை இறக்கிவிட முடியாது.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை எழுதுகிறேன். வால்வு இடைவெளி பார்த்தேன். காபரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், பெற்றோல் விடும் துவாரத் திருகுகளை மாற்றினேன். பிளக் மாற்றினேன். பெற்றோல் பம்பைச் சோதித்தேன். கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் இறுகிப் பிடிக்கிறதா என்று பார்த்தேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் மலைக்குப் போனோம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நாலாவது வளைவில் நின்றோம். அந்த வளைவில் ஒரு கற்றாழையும், யாரோ பெயர் வெட்டிய கல்லும் இருந்தன. எனக்கு எங்கள் வீட்டுக் கதவைவிட அந்தக் கல் நன்றாகத் தெரியும்.

“இண்டைக்கு எவடம் வரை?” என்று மச்சாள் படியில் நின்று கேட்பார்.

அண்ணா கை கழுவுவார்.

“அந்தக் கல்லடியிலை ஒரு அறை எடுங்கோவன். போய் வாற பெற்றோலாவது மிச்சம்.”

மாஸ்ட்ரோவிடம் கேட்டிருக்கலாம். எனக்கு வேலை தரவேண்டியவரிடம் போய், என் எஞ்சின் ஏன் ஏறவில்லை என்று எப்படிக் கேட்பது? துறைமுகப் பக்கம் போகவேண்டி வந்தாலும் மற்றத் தெருவால் சுற்றிப் போனேன்.

பல்லரோவில் பழைய கருவிகள் பரப்பி விற்பவரிடம் ஒரு அமுக்கமானி கிடைத்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் இதைப் பிடித்து எஞ்சினைச் சுற்றினால், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும். காட்டியது மிகக் குறைவு. இரண்டு சிலிண்டரிலும் ஒரே குறைவு. பிஸ்டன் வளையத்தால் காற்று கசிந்தால், கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார்க்கும்போது அளவு கூடவேண்டும். எண்ணெய் விட்டேன். ஊசி அசையவில்லை. கசிவு இல்லை. எல்லாம் இறுக்கமாக, புதிதாக, சரியாக இருந்தும் எஞ்சினுக்கு மூச்சில்லை. அன்று பின்னேரம் முழுக்க அந்த ஊசியின் முகமே என் கண்ணுக்குள் நின்றது.

அது மாசி மாதம். பலேர்மோவின் குளிர் வெளியில் இல்லை, வீடுகளுக்குள் இருக்கும். சிஞ்ஞோராவின் நடைக்கூடத்தில் மண்ணெண்ணெயில் எரியும் ஒரு அடுப்பு இருந்தது. காலையில் அதற்கு நிரப்புவது என் வேலை. அமுக்கமானியோடு மல்லுக்கட்டிய மறுநாள், கலனைச் சரித்து ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்த மணம் மூக்கில் ஏறியது. தினமும் ஏறும் மணம்தான். அன்று மட்டும், கல்லூரிப் பட்டறையில் எஞ்சின் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. ஊற்றிக்கொண்டே நின்றேன்.

“நிரம்பி வழிகிறது, மகளே,” என்றார் சிஞ்ஞோரா.

பளிங்குத் தரையைத் துடைத்தேன். துடைக்கும்போது எனக்கு விடை தெரிந்துவிட்டது.

பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. கார்கள் ஓடின. சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை எழுப்புவோம், சூடு ஏறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் மண்ணெண்ணெயைப் பெற்றோல் அளவுக்கு அமுக்கினால் அது தாறுமாறாக வெடித்து எஞ்சினை உள்ளிருந்து இடிக்கும். அதனால் அமுக்கம் குறையும்படி கட்ட வேண்டும். வழி சுலபம்: சிலிண்டருக்கு அடியில் ஒரு கேஸ்கட், அதாவது மெல்லிய அடைப்புத் தாள், வைக்கும் இடத்தில் இரண்டு வை. மேலே இடம் கூடும், அமுக்கம் குறையும். பிளக்கில் வரும் தீப்பொறியையும் கொஞ்சம் பிந்த விடு. நான் படித்த காலத்தில் பிரித்த எஞ்சின், பூட்டிய எஞ்சின், பரீட்சைக்குக் கட்டிய எஞ்சின் எல்லாம் அப்படித்தான். பாடப்புத்தகத்தில் ஒன்று என்றுதான் படம் போட்டிருந்தது. அந்தப் படத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. அண்ணாவும் ஊரைவிட்டு வர முன்னம் கடைசியாக ஓட்டியது மண்ணெண்ணெயில் ஓடிய வாடகைக் கார்.

வேலை முடிந்து நேரே மகசினோவுக்குப் போனேன். அண்ணா சில்லு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“அண்ணா, சிலிண்டருக்கு அடியிலை எத்தினை கேஸ்கட் போட்டனீங்கள்?”

“ரெண்டு ரெண்டு. நீ பாத்தனிதானே.”

“ஓம், பாத்தனான்.”

“பேந்தென்ன?”

“ஏன் ரெண்டு?”

அண்ணா சில்லை உருட்டிச் சுவரோடு சாய்த்தார். “அப்பிடித்தானே போடுறது. ஒண்டு போட்டால் இடிக்குமெல்லோ.”

“என்னத்தை ஊத்தினால் இடிக்கும்?”

அண்ணா கைத்துணியைத் தேடினார். படியில் உடுப்புக் கூடையோடு நின்ற மச்சாள்தான் கேட்டார்: “என்னத்தை ஊத்தினால் இடிக்கும்? எனக்கும் சொல்லுங்கோவன்.”

“மண்ணெண்ணெய்,” என்றார் அண்ணா, தரையைப் பார்த்து.

மச்சாள் கூடையைக் கீழே வைத்தார். “அப்ப நீங்கள் இஞ்சை வந்து இவ்வளவு காலம், மூத்தவனும் இஞ்சை பிறந்து, இப்ப பள்ளிக்கூடமும் போறான். கார் மட்டும் இன்னும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடேல்லை.”

“இவளும் பாத்தவள்,” என்றார் அண்ணா.

“அவவும் அங்கை படிச்சவதானே. நீர் அதைப் பாத்திட்டு என்ன நினைச்சனீர், மச்சாள்?”

“சரியாப் போட்டிருக்கிறார் எண்டு நினைச்சன்,” என்றேன். அது உண்மை. சிலிண்டரின் அடியில் இரட்டை விளிம்பு எட்டிப் பார்த்ததை நான் கண்டேன், நல்லது என்று நினைத்து மேலே கட்டினேன். பொறியை வேறு, யாரும் சொல்லாமலே, கொஞ்சம் பிந்த வைத்திருந்தேன். வேகத்துக்கென்று கட்டிய காரை இரண்டு பேருமாகச் சேர்ந்து இல்லாத தடை ஒன்றுக்குப் பழக்கியிருந்தோம்.

மச்சாள் முதலில் சிரித்தார். பிறகு அண்ணா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அப்போதே கழற்றத் தொடங்கவேண்டும் போல இருந்தது. தொடங்கினேன்.

சிலிண்டருக்கு ஒரு கேஸ்கட் மட்டும் போட்டுக் கட்டினோம். பொறியைக் குறியில் வைத்தேன். நெம்பை இழுத்தபோது வந்த சத்தம் வேறு சத்தம். முன்பு அது இருமியது, இப்போது குரைத்தது. எங்கள் மேல்வீட்டுக் கிழவர் பால்கனியில் வந்து நின்று அண்ணாவின் பரம்பரையை விசாரித்தார். அண்ணா ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அதே கிழமை நான் துறைமுகத்துக்குப் பின்னால் போய், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று மாஸ்ட்ரோவிடம் சொன்னேன். நாங்கள் தனியே மலைக்குப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை தீர்ந்திருந்தது.

ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. விசிறியைச் சுற்றும் பட்டி. எஞ்சின் இப்போது முன்னைவிட வேகமாகச் சுழன்றது, பட்டி கொஞ்சம் தளர்வு. இந்தக் காரில் அதை இறுக்கும் முறை இப்படி: கப்பி இரண்டு பாதிகளாக இருக்கும், நடுவில் மெல்லிய வளையத் தகடுகள் இருக்கும். ஒரு தகட்டை வெளியே எடுத்தால் பட்டி இறுகும். ஞாயிறு காலை மாஸ்ட்ரோ வர முன்னம் எடுத்துவிடலாம் என்று திருகாணிச் சாவியைப் பாவாடைப் பையில் போட்டு வைத்தேன். மாஸ்ட்ரோ முதல் பூசை முடிந்த கையோடு, சொன்ன நேரத்துக்கு வெகு முன்னம், சப்பாத்து மினுங்க வந்து நின்றார்.

அண்ணா ஓட்டினார். எனக்கு இந்த ஊர் லைசென்ஸ் இல்லை. மாஸ்ட்ரோ பக்கத்து இருக்கையை நிரப்பினார், அவர் ஏறியதும் கார் அந்தப் பக்கம் சரிந்தது. நான் பின்னால், முழங்காலை மடித்து, எஞ்சினுக்கு மேல்.

“வால்வு எவ்வளவில் வைத்தாய்?” என்று அவர் அண்ணாவைக் கேட்டார்.

“அவளிட்டைக் கேளுங்கோ,” என்றார் அண்ணா தமிழில். பிறகு ஞாபகம் வந்து இத்தாலியனில் சொன்னார்.

நான் சொன்னேன். அடுத்த கேள்வியையும் அவர் அண்ணாவிடமே கேட்டார். அதற்கும் நான் சொன்னேன். மூன்றாவது கேள்வியைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ் ஆட்கள் அந்த மலைக்கு நடந்து போவார்கள். மேலே குகைக்குள் இருக்கும் புனிதையிடம் வேதக்காரரும், அதாவது கிறிஸ்தவர்களும் போவார்கள், சைவக்காரரும் போவார்கள். சிலர் வெறுங்காலோடு. அன்றும் வழி நெடுக ஆட்கள். முதல் மூன்று வளைவும் நான் எண்ணவில்லை. நாலாவது வந்தது. கற்றாழை வந்தது, கல் வந்தது, கல் பின்னால் போனது. அண்ணாவின் கழுத்து சிவந்திருந்தது. அவர் கியரை மேலே மாற்றினார். அந்த இடத்தில் கியரை மேலே மாற்றலாம் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அதற்கு மேலே இரண்டு வளைவு தாண்டியிருப்போம், எனக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. ஈரத் துணியால் அடிப்பதுபோல. பட்டி வழுக்குகிறது. பட்டி வழுக்கினால் விசிறி சுற்றாது, விசிறி சுற்றாவிட்டால் இந்த எஞ்சின் பகேரியாப் பாதையில் இறுகியதுபோல இன்னொரு தடவை இறுகும். முன்னால் இருவருக்கும் கேட்டிருக்காது, புகைக்குழாயின் சத்தம் அப்படி. உச்சி தெரிந்தது. பிடித்துக்கொண்டு போனால் போய்ச் சேரவும் கூடும்.

“அண்ணா, நிப்பாட்டுங்கோ.”

“என்ன விசர்க் கதை? இந்தா வந்திட்டுது.”

“பட்டி. நிப்பாட்டுங்கோ.”

அண்ணா நிறுத்தினார். அண்ணா இறங்கி இருக்கையைச் சாய்க்க, நான் பின்னாலிருந்து ஊர்ந்து இறங்கினேன். மாஸ்ட்ரோ முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்மூடியைத் திறந்தேன். பட்டி சூடேறி மணத்தது, ஆனால் அறவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினேன். உலோகம் விரலைச் சுட்டது.

நடந்து வந்த எங்கள் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

“தம்பி, இது அந்த நாலாம் வளைவுக் கார்தானே? இண்டைக்கு முன்னேற்றம்.”

“புனிதையிட்டை நேர்த்தி வைச்சிட்டு எங்களைப்போல நடந்திருக்கலாம்.”

“ஆள் கனத்த ஆள். அவரை இறக்கிவிட்டிட்டு நாங்கள் தள்ளுறம், ஒரு மூச்சிலை மேலை.”

மூன்று பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள், ஒருவர் மாஸ்ட்ரோ பக்கத்துக் கதவைத் திறந்து, தயவாக, இறங்கச் சொல்லிக் கை காட்டினார். நான் கப்பியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தேன். அந்தக் கணத்தில் அவர் காலைத் தரையில் வைத்தால் எல்லாம் முடிந்தது. சட்டம் அவருடையது.

மாஸ்ட்ரோ கதவை உள்ளே இழுத்துச் சாத்தினார். கைகளை வயிற்றுக்கு மேல் கட்டிக்கொண்டார்.

“தள்ளாதேங்கோ,” என்றேன் ஆட்களிடம். “ஒருத்தரும் தொடாதேங்கோ.”

ஒரு தகட்டை எடுத்தேன். கப்பியைப் பூட்டினேன். பட்டியை விரலால் அமுக்கிப் பார்த்தேன். எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும் என்று நின்றேன், அதற்குள் வெறுங்காலோடு வந்தவர்கள் எங்களை முந்திப் போனார்கள். பிறகு ஏறி மடங்கி உட்கார்ந்தேன். அண்ணா நெம்பை இழுத்தார். மலையுச்சி வரை கார் நிற்காமல் ஏறியது.

மேலே போய்ச் சேர்ந்ததும் மாஸ்ட்ரோ இறங்கி, காரை ஒருமுறை சுற்றி வந்து, முன்மூடியைத் திறந்தார். உள்ளே மச்சாளின் அரிசி மூட்டை இருந்தது. காலையில் அவசரத்தில் யாருக்கும் அது ஞாபகமில்லை.

“இது எதற்கு?” என்றார்.

“அரிசி,” என்றார் அண்ணா.

“அரிசி என்று தெரிகிறது.”

அவர் மூடியைச் சாத்தினார். கீழே போகும்போது தானே ஓட்டுவதாகச் சொன்னார். அண்ணா வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு வந்தார். நான் எஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தேன். பட்டி சத்தம் போடவில்லை.

எங்கள் தெருவில் இறங்கியதும் அவர் என்னிடம் மட்டும் ஒன்று கேட்டார். “சாவி உன் பையிலேயே இருந்தது. அப்படியென்றால் பட்டி தளர்வு என்று உனக்கு முன்பே தெரியும். ஏன் கிளம்ப முன்னம் செய்யவில்லை?”

“நீங்கள் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டீர்கள்.”

“என்னை நிற்கச் சொல்லியிருக்கலாம்.”

வேலை கேட்டு நிற்கிற ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்தோடு வந்த ஒருவரைத் தெருவில் காக்கவைக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மலையில் நிறுத்தலாம் என்பது மட்டும் தோன்றியது.

“பட்டறையில் நிற்கச் சொல்ல வேண்டும்,” என்றார். “வாடிக்கையாளரை, என்னை, எல்லோரையும். திங்கட்கிழமை வா.”

மச்சாள் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். மாஸ்ட்ரோ போனதும், “ஏறினதோ?” என்றார்.

“ஏறினது,” என்றார் அண்ணா.

“என்ரை அரிசியோடையோ?”

“ஓம்.”

“அப்ப பாதி என்ரை அரிசி ஏத்தினது,” என்று சொல்லிவிட்டு, மூட்டையைப் பார்க்கக் கீழே வந்தார்.

இதை எழுதும்போது தொண்ணூறுகள் முடியப்போகின்றன. நிலைமை இதுதான். கிழமையில் சில காலைகள் சிஞ்ஞோரா வீட்டில் துணி தேய்க்கிறேன், மற்ற நேரமெல்லாம் மாஸ்ட்ரோவின் பட்டறையில் தண்டுகளையும் சிலிண்டர்களையும் அளக்கிறேன். என் பெர்மெஸ்ஸோவில், அதாவது இங்கே தங்கும் அனுமதிப் பத்திரத்தில், வேலை இன்னும் வீட்டுவேலை என்றே இருக்கிறது, மாற்றித் தரக் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. மலையேறிய அடுத்த மாதமே அண்ணா இதைவிடப் பெரிய காபரேட்டர் ஒன்றோடு வந்தார். லண்டனுக்குப் போகலாமா என்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறார். எஞ்சின் மேசையில் கழற்றிக் கிடக்கிறது. கேஸ்கட்டைச் சிலிண்டருக்கு ஒன்று மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அரிசி மூட்டை காருக்குள் இருக்கிறது.